இறக்கத்தில் ஏறும் எண்

மாவட்ட மன்றத்து வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி, ஓட்டுநர்களான எங்களுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் லயத்துக்கு வந்துவிட்டது. கூட்ட அறையைப் பெருக்கப் போன பக்கத்து வீட்டுக்காரி, பலகையில் ஒட்டியிருந்த வேன் படத்தையும் அதன் பக்கவாட்டில் செருகியிருந்த வயரையும் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"வண்டிய இனிமே போன் மாதிரி குத்தி வைக்கணும் போல இருக்குண்ணே."

நான் சிரித்தேன். இருபத்திரண்டு வருடம் இந்த மலையில் டீசல் வேன் ஓட்டியவன் நான். யாராவது எனக்கு வண்டியைப் பற்றிச் சொன்னால் முதலில் சிரிப்பதுதான் என் வழக்கம்.

வேலை மன்றத்தில் என்றாலும் குடியிருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில். என் மனைவி தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு உதவியாக இருப்பதால் வீடு கையில் இருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பதற்கு இப்போது மெஷினும் வெளிநாட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் மன்றத்தில் துப்புரவு வேலைக்குப் போனார்கள். பிரிஞ்சாங்கில் இரவுச் சந்தை முடிந்த இடத்தைக் காலை ஆறு மணிக்குள் பெருக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்துக்கு லயத்திலிருந்து பஸ் கிடையாது. அதனால் மன்றத்து வேன் ராத்திரியில் எங்கள் கோயில் பக்கத்தில் நிற்கும், காலையில் நான் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு போவேன். பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி மேலே போய் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவேன். பல வருடங்களாக இப்படித்தான் நடந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எப்போதும் முன் இருக்கையில் உட்காருவாள். பின்னால் உட்கார்ந்தால் வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அவள் புருஷன் தோட்டத்துத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட், வீட்டில் இருந்த ஒரே மோட்டார் சைக்கிள் அவரோடு போய்விடும். அவளுடைய வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அடுத்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. நிரந்தரமானால் டவுனில் மன்றத்து வீட்டுக்கு மனுப் போடலாம். புருஷன் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைத் தோட்டம் திரும்ப வாங்கிக்கொள்ளும், அதற்குள் ஒரு கூரை வேண்டும் என்பதுதான் அவளுடைய கவலையெல்லாம். பட்டியலில் நிற்க ஒரே ஒரு நிபந்தனை, வருகைப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். மூன்று தாமதம் விழுந்தால் பெயர் போய்விடும். பல வருடங்களில் அவளுக்கு ஒன்றுகூட விழவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இன்னொரு பெருமையையும் சொல்லிவிட வேண்டும், விவகாரமே அதில்தான் இருக்கிறது. தோட்டத்து ஓட்டுநர்கள் இறக்கத்தில் ப்ரீ கியர் போடுவார்கள். அந்தக் காலத்தில் லாரிகளுக்கு வாரத்துக்கு இவ்வளவு எண்ணெய் என்று அளந்து ஊற்றினார்கள். மிச்சம் பிடிப்பவன் நல்ல ஓட்டுநர். மேல் வளைவில் கியரை விடுவித்துவிட்டால் வண்டி தானாக உருண்டு போகும், ஓட்டுபவன் பிரேக்கை மட்டும் பார்த்துக்கொள்வான். அளந்து ஊற்றும் காலம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. யார் எவ்வளவு தூரம் உருட்டினான் என்பதை வைத்து லயத்தில் ஆளை எடை போடுவார்கள். தொழிற்சாலை வளைவில் விட்டால் மற்றவர்கள் பாலத்துக்கு முன்பே நின்றுவிடுவார்கள், நான் பாலம் தாண்டித்தான் நிற்பேன். அது ஆபத்தான பழக்கம், சட்டத்துக்கும் ஒத்துவராது. தெரிந்துதான் செய்தேன்.

புது வண்டிகள் மூன்று வந்தன. வெள்ளை நிறத்தில் ஒரு வேன், இரண்டு பிக்கப். ஓட்டிக் காட்டுவதற்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். மன்றத்து முற்றத்தில் அரை நாள் பயிற்சி. சாவி எங்கே, சார்ஜ் குத்துவது எப்படி என்பது வரைக்கும் நின்று கேட்டேன். பிறகு மலைச் சாலையில் ஓட்டுவது பற்றி ஆரம்பித்தார். சமவெளிக்காரர் எனக்கு மலையைப் பற்றிச் சொல்லித் தருவதா என்று நான் எதிர்ப்பக்கத்து முஸ்லிம் மாமாக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

லயத்துக்குக் கொண்டுவந்த அன்று கோயில் முன்னால் பூசை. மஞ்சள், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசாரி தேங்காயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்கலா" என்றார்.

"ஸ்டார்ட்லதான் இருக்கு சாமி" என்றேன்.

"சத்தமே காணோம்?"

"இதுக்குச் சத்தம் வராது."

அவர் நம்பவில்லை. வண்டி நகர்ந்து எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் தேங்காயை உடைத்தார்.

பூசையெல்லாம் சரிதான், மன்றத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று வண்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு சார்ஜர். எங்கள் வேனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், பெண்கள் பெருக்கிக்கொண்டிருக்கும் காலை நேரம்தான் முறை. அதாவது திங்கள் மதியம் முழு சார்ஜோடு எடுத்தால் புதன் காலை வரைக்கும் தாங்க வேண்டும். வண்டிப் பிரிவு அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, கறாரானவர், ஆனால் நியாயமானவர். என்னையும் எட்டுப் பெண்களையும் கூப்பிட்டு வைத்து மலாயில் விளக்கமாகச் சொன்னார். ஒரு முறை சோதித்துப் பார்ப்போம். புதன் காலை வேன் தன் சார்ஜிலேயே முற்றத்துக்கு வந்து சேர்ந்தால், வேன் தோட்டத்திலேயே தங்கலாம். வராவிட்டால் வேன் இரவில் இங்கேதான் நிற்கும், நீங்கள் வேலைக்கு வந்து சேர்வது உங்கள் பொறுப்பு. பழைய டீசல் வண்டிகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

"நம்ம அண்ணன் ஓட்டறாரு, என்ன பயம்?" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள்.

திங்கள் மதியம் கிளம்பினோம். டவுனைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. டீசல் வேனில் இப்படி இருக்காது. இப்படி இழுத்தால் சார்ஜ் வீணாகத்தான் போகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்பதை அதில் நூற்றுக்கு இத்தனை என்று பெரிய எண்ணாகக் காட்டும்.

"அண்ணே, எறங்கறப்ப நம்பர் ஏறுதுண்ணே. தொண்ணூத்தாறு இருந்துச்சு, இப்ப தொண்ணூத்தேழு."

"சும்மா எறங்கற வண்டிக்கு எங்கேர்ந்துமா சார்ஜ் ஏறும்? வானத்துலேர்ந்தா?"

"இல்லண்ணே, பாத்தேன்லா."

"பேசாம வாம்மா. நீ தொடப்பத்தப் பாரு, நான் வண்டியப் பாக்கறேன்."

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கியர் திருகியை ப்ரீக்குத் திருப்பினேன். இழுப்பு நின்று வேன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சத்தமே இல்லாமல் உருள்வது சுகமாக இருந்தது. எண் தொண்ணூற்றேழிலேயே நின்றது. ஒரு பொட்டுகூடச் செலவில்லை என்று திரையைக் காட்டினேன்.

மறுநாள் அதிகாரிகளோடு திரிங்காப் வரை போய், பிறகு லெம்பா பெர்த்தாமுக்கு இறங்கி, அங்கிருந்து ஏறினேன். எல்லா இறக்கத்திலும் ப்ரீ. செவ்வாய் சாயங்காலம் லயத்தில் நிறுத்தும்போது பதினொன்று இருந்தது. புதன் காலை எட்டுப் பேரும் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோர் கண்ணும் திரையில்தான் இருந்தது. தோட்டத்து இறக்கத்தில் தொழிற்சாலை வளைவில் விட்டு, பாலம் தாண்டி, என் வாழ்நாளிலேயே அதிக தூரம் உருட்டினேன். பின்னால் ஒருத்தி கைதட்டினாள். பிறகு டவுனுக்கான ஏற்றம்.

டவுனுக்கு மூன்று வளைவு இருக்கும்போது திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது.

"என்னண்ணே இது, ஆம?"

வண்டி ஆமை வேகத்துக்கு வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. எட்டுப் பேரும் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். மின்கலம் இருக்கிற வண்டி என்ன கனம் கனக்கும் என்பது அன்று தெரிந்தது. மழைத் தூறலில், சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்ட எட்டுப் பெண்கள் தலையைக் குனிந்து தள்ள, காய்கறி லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு லாரிக்காரன் தலையை நீட்டி, "எண்ணெ தீந்துருச்சா?" என்று கேட்டான். கடைசியில் அவர்கள் நடந்து போனார்கள். இழுவை வண்டி வந்து வேனைத் தூக்கிக்கொண்டு போனது. அன்றைய தாமதத்தை அதிகாரி கணக்கில் எழுதவில்லை. என்னிடம் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரத்தைக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், பளுவோடு மலை ஏறும் சக்தி வண்டிக்கு இல்லை என்று எழுதினேன். ஓட்டிய விதம் என்ற இடத்தில், வழக்கம்போல என்று எழுதினேன். இரண்டையும் மனதார நம்பித்தான் எழுதினேன்.

வேன் முற்றத்தில் தங்கியது. என் வேலை நேரம் எட்டு மணிக்கு மாறியது. எட்டுப் பெண்களில் இரண்டு பேர் டவுனில் அறை எடுத்தார்கள், மூன்று பேரை மகன்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்கள், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி நடந்தாள். லயத்திலிருந்து பெரிய சாலைக்கு ஒரு மணி நேரம், அப்புறம் லெம்பா பெர்த்தாமிலிருந்து மேலே போகிற லாரி ஏதாவது நிறுத்தினால் உண்டு. நான் அவளை என் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விட்டேன். நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் நல்ல மழை, நான் எழுந்திருக்கவில்லை. அவள் வந்து கதவைத் தட்டவில்லை. அன்றைக்கு அவளுக்கு முதல் தாமதம் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்கவும் இல்லை, நானாகப் போய்க் கூப்பிடவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து மாமாக் கடையில், பிக்கப் ஓட்டும் மலாய்க்காரத் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். திரிங்காப் பக்கம் முழுவதும் அவன்தான் ஓட்டுகிறான். உன் வண்டி எப்படி இரண்டு நாள் தாங்குகிறது என்று கேட்டேன். அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். இறக்கத்தில் கியரிலேயே விட்டால் சக்கரம் சுற்றுவதே மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றும், அந்த இழுப்பு அதற்குத்தான், ப்ரீயில் போட்டால் ஒன்றும் கிடைக்காது, அன்றைக்கே சொன்னார்களே என்றான். தேத்தாரேயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை பிரிஞ்சாங்கிலிருந்து வெறும் வேனோடு கியரிலேயே இறங்கினேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்றாகியது. முற்றத்துக்கு முன்னால் ஐம்பத்து நான்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வார்த்தையைவிடப் பெரிய வார்த்தை வேண்டியதில்லை.

உடனே போய் அதிகாரியிடம் சொல்லியிருந்தால் மறு சோதனை வைத்திருப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் ப்ரீ கியர் போட்டதைச் சொல்ல வேண்டும், பயிற்சியின்போது எழுந்து போனதைச் சொல்ல வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் ஒரு வருடத்துக்கு என்னை வைத்துச் சிரிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் தானாகப் பேச்சு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கூட்டம் வந்தது, பேச்சு வரவில்லை, நானும் எடுக்கவில்லை. மழைக்காலமும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டாவது தாமதம் விழுந்தது, பத்து நாளில் மூன்றாவது. அதற்கு அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்படாது. மலாயில் இருந்ததால் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று பார்க்க என்னிடம்தான் கொண்டுவந்தாள். நான் வாசித்துச் சொன்னேன்.

அவள் கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். வண்டியில் கோளாறு இல்லை, நான் ஓட்டியதில்தான் கோளாறு, கியரிலேயே இறங்கியிருந்தால் புதன்கிழமை முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போம் என்றேன். ஏதோ பெரிய ரகசியத்தை உடைப்பது போலத்தான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்லண்ணே, நம்பர் ஏறுதுன்னு."

"ஆமா."

"எப்ப தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

பொய் சொல்ல நினைத்தேன். "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

அவள் கடிதத்தை ஜாக்கெட் பைக்குள் வைத்தாள். வாசல்படி இறங்கிய பிறகு திரும்பி, "எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆவப்போவுது? எழுதன எடத்துல போயி மாத்தி எழுதுங்க. மத்த பொம்பளைங்களுக்காச்சும் ஒதவும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் எழுதினேன். இறக்கத்தில் ப்ரீ கியர் போட்டேன், பயிற்சியில் பாதியில் எழுந்து போனேன், முன் இருக்கையில் இருந்த தொழிலாளி எச்சரித்தும் கேட்கவில்லை என்று மூன்று வரி. அதிகாரி இரண்டு முறை படித்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், வேனுக்கு மறு சோதனைக்குத் தேதியும் கொடுத்தார். அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றிக் கேட்டேன். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, தாமதத்துக்கு வேன் காரணம் என்று அந்தப் பெண்ணும் எங்கும் எழுதித் தரவில்லையே என்றார். அவள் எழுதித் தராததற்கும், உண்மையை அவளிடம் மறைத்து வைத்திருந்த நான்தான் காரணம் என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தமிழும் போதாமல்தான் போயிருக்கும்.

மறு சோதனையில் திங்கள் மதியம் கிளம்பி எல்லா இறக்கத்திலும் கியரிலேயே ஊர்ந்தேன். தொழிற்சாலை வளைவில் பழக்க தோஷத்தில் கை திருகிக்குப் போனது, எடுத்துக்கொண்டேன். புதன் காலை முற்றத்தில் நிறுத்தியபோது பதினாறு மிச்சம் இருந்தது. மற்ற ஓட்டுநர்கள் எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள், இரண்டே வாரத்தில் மறந்தும்போனார்கள். இதற்காகத்தான் அத்தனை நாள் பயந்தேன்.

இப்போது வேன் மறுபடி எங்கள் கோயில் பக்கத்தில் நிற்கிறது. ஐந்து பெண்கள் வருகிறார்கள். முன் இருக்கையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் உட்காருகிறாள், வழி முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு வருவாள். திரையில் எண் ஏறுவதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரி லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் அடுக்குகிறாள். ஏழு மணிக்குப் பெரிய சாலையில் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். மன்றத்து வீட்டு மனுப் பாரம் இன்னும் அவள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது, என் மனைவி பார்த்திருக்கிறாள். புருஷனுக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம்.

மாலையில் நான் வேனை நிறுத்தும்போது அவள் துணி எடுக்க வெளியே வருவாள். முதல் நாள் அவள் என்னை நோக்கி வந்தபோது, திட்டப்போகிறாள் என்று நினைத்து நின்றேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எத்தனண்ணே இருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"எறங்கறப்ப ஏறுச்சா?"

"மூணு ஏறுச்சு."

தலையாட்டிவிட்டுத் துணிகளோடு உள்ளே போனாள். அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள். நான் தினமும் சொல்கிறேன். ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ இதுவரை சொன்னதில்லை.